வரிசை மாறிய ஏழு கல்

மூன்று வாரமாக இதை எழுதலாமா, வேண்டாமா என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எழுதினால், 'இவருக்கும் வயசாகிவிட்டது' என்பீர்கள். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. எந்தக் கல்லைப் பார்த்தாலும் அது என்னைத் திரும்பிப் பார்ப்பது போலிருக்கிறது.

நடந்தது எருத்தேன்பதியில், என் அக்கா ருக்மணியின் தோட்டத்துக் கிணற்றடியில்.

நான் மீனாட்சிபுரத்தில் பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கிணறு வற்றிவிட்டது. தென்னைகள் ஒவ்வொன்றாக மட்டையைத் தொங்கப்போட ஆரம்பித்துவிட்டன. மச்சான் வெடிக்காரரிடம் சொல்லிவைத்து விட்டார் — வெள்ளிக்கிழமை அடிப்பாறைக்குக் கடைசி வெடி. அதிலும் தண்ணீர் இல்லையென்றால் நிலத்தைக் கொடுத்துவிட்டு டவுன் பக்கம் போய்விடுவது என்று முடிவு.

முடிவு மச்சானுடையது. அக்காவுடையது அல்ல. அந்தத் தென்னைகளைக் கன்றாக இருந்தபோது குடம் குடமாகச் சுமந்து வளர்த்தவள் அவள். அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பது எங்கள் குடும்பத்து வழக்கம்.

புதன்கிழமை சாயங்காலம் ஜீப்பில் ஒருவர் வந்து இறங்கினார். அரசாங்கத்தில் பாறைகளைப் பற்றிப் படித்த ஆபீசர். ஜியாலஜிஸ்ட். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், முப்பது வயதிருக்கும். மச்சான் எப்போதோ எழுதிப் போட்ட மனுவுக்கு இப்போது பதில் வந்திருந்தது... நேரில்.

கிணற்றை எட்டிப் பார்த்தார். பொழுது சாய்ந்துவிட்டதால் அவர் இறங்கவில்லை. கிணறு பழகின மச்சானை இறக்கி, இந்த ஆழத்தில் ஒன்று, அந்த ஆழத்தில் ஒன்று என்று ஏழு கல் உடைத்து எடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றும் உரித்த தேங்காய் அளவு. கூடையில் மேலே வந்ததும் வெள்ளைப் பெயின்டால் எண் போட்டார். அடியில் கிடைத்தது ஒன்று. மேலே கிடைத்தது ஏழு.

ஒன்றாம் கல் கன்னங்கரேல் என்றிருந்தது. இரண்டு முதல் ஆறு வரை வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடிய பாறை, மேலே வர வர உளுத்துப்போனது. ஏழாவது சுக்கான் கல், மண்ணுக்கடியில் சுண்ணாம்பு இறுகிக் கல்லானது. ஏழையும் கிணற்று மேட்டில் வரிசையாக நிறுத்தினார்.

"மேலே கிடக்கறது இளையது, கீழே கிடக்கறது மூத்தது. அதாக்கும் எங்களுக்கு முதல் பாடம். வரிசை மட்டும் மாறப்படாது, கேட்டேளா" என்றார்.

மோர் குடித்துக்கொண்டே மச்சான் கேட்டார்: "பாறைக்கெல்லாம் பொறந்த நாள் பார்ப்பீங்களாட்ட இருக்குதுங்க?"

அவர் சிரிக்கவில்லை. பார்ப்போம் என்றார். அந்த வரிப்பாறைக்கு இருநூறு கோடி வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார். மச்சான் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

எப்படித் தெரியும்? எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அவராகவே சொன்னார். பாறை உறையும்போது சில பொருள்கள் அதற்குள் மாட்டிக்கொள்கின்றன. உதாரணத்துக்கு யுரேனியம். அது சும்மா இருப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறிக்கொண்டே இருக்கிறது. எத்தனை காலத்தில் பாதி மாறும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். எவ்வளவு மாறியிருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் வயது கிடைத்துவிடும்.

எனக்கு இது சட்டென்று புரிந்தது. பாலில் உறை ஊற்றிய நேரம் தெரியாவிட்டாலும், எந்த அளவுக்குத் தயிராகியிருக்கிறது என்று பார்த்து நான் நேரம் சொல்லிவிடுவேன். ஆனால் வெயில் காலத்தில் தயிர் அவசரப்படும், குளிரில் சோம்பல் படும். கல்லுக்குள் நடப்பது அப்படியில்லை. மழையோ, வறட்சியோ, மேலே யார் பிறந்தாலும் யார் செத்தாலும் அதே வேகம். கேட்பதற்கு ஓர் உயிர்கூட இல்லாத காலத்திலிருந்து உள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது... நான் அந்த ஏழு கல்லை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

பூமியின் சரித்திரத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதையும் சொன்னார். பழைய உயிர்களின் காலம், நடு உயிர்களின் காலம், புது உயிர்களின் காலம் என்று மூன்று பெரிய பாகம். அதற்கெல்லாம் முன்னால் ஒரு நெடுங்காலம் — பூமியின் வயதில் முக்கால்வாசிக்கு மேல் அதிலேயே போய்விட்டதாம். நம் வரிப்பாறை அந்தக் காலத்தது. அதில் ஒரு நத்தையின் சுவடுகூடக் கிடைக்காது.

சரி, ஒரு பாகம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று எதை வைத்துக் கோடு போடுவார்கள்? ராஜாக்கள் மாறினார்களா என்ன?

ஒரு மட்டம் வரை பாறைகளில் சில உயிர்களின் சுவடுகள் குவிந்து கிடக்குமாம். அதற்கு மேலே எடுத்த பாறையில் அவற்றில் பெரும்பாலானவை இருக்காதாம். எங்கே ஏராளமான உயிர்கள் ஒன்றாகக் காணாமல் போகின்றனவோ, அங்கேதான் பெரிய கோடுகள்.

நாம் வீட்டில் வருஷங்களை நினைவு வைத்துக்கொள்வதும் அப்படித்தானே? 'அப்பா போன வருஷம்' என்கிறோம். பூமிக்கும் அதுதான் வழக்கம் போலிருக்கிறது.

போகும்போது, அடியில் வேறொரு படுகை, அதாவது கிடையாகப் படுத்த பாறை அடுக்கு, தொடங்குகிறது போலிருக்கிறது, வெடி வைத்து அதைத் தாண்டினால் தண்ணீர் இருக்கலாம், நாளைக்கு இறங்கிப் பார்த்துவிட்டு உறுதி சொல்கிறேன் என்றார். பக்கத்து டவுனான சித்தூரில் தங்கப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் கிணற்றடிக்குப் போனேன்.

ஏழு கல்லுக்கும் மஞ்சள் பூசியிருந்தது. குங்குமப் பொட்டு. அரளிப் பூ. முன்னால் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்து ஆளுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தண்ணீர்க் கரையில் ஏழு கல் வரிசையாக நின்றால் அது கன்னிமார். அக்கா தங்கைகள் ஏழு பேர். யார் நிறுத்தினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அக்கா ஈரத் தலையோடு கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்கு ஆபீசர் வந்தார். முகம் சிவந்துவிட்டது. "என்ன காரியம் பண்ணியிருக்கேள்? இது சர்க்கார் சாம்பிளாக்கும்" என்றவர், குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

வரிசை மாறியிருந்தது.

மஞ்சளுக்கு அடியில் எண்கள் தெரிந்தன. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு... பிறகு ஒன்று. கடைசியில் ஏழு. அடியிலிருந்து வந்த கறுப்புக் கல், மூத்தவள் இடத்தை விட்டுவிட்டு, கடைசிக்கு முந்தின இடத்தில் நின்றது. அது முன்பு இருந்த இடத்தில் வட்டமாக ஈரம் மட்டும் இருந்தது.

யார் மாற்றியது என்று கேட்டார். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். மச்சான், "பொம்பளைங்க சமாச்சாரமுங்க சார், உட்ருங்க" என்றார்.

அவர் விடவில்லை. கோபமும் போய்விட்டிருந்தது. அந்த வரிசையையே நெடுநேரம் பார்த்தார். "மாப்ளயக் கூட்டிட்டுப் போங்க சார், வெளக்குப் பிடிப்பான்" என்று மச்சான் என்னைத் தள்ளிவிட்டார்.

முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். கெட்ட காற்று இருந்தால் சுடர் அணைந்துவிடும். அணையவில்லை. பிறகு நாங்கள் இறங்கினோம்.

சுக்கான் முடிந்து பாறை தொடங்குகிற இடத்தில் அவர் நின்றார். கட்டை விரலைப் பாறையில் வைத்தார். சுண்டு விரலைச் சுக்கானில் வைத்தார்.

"இந்தச் சாணுக்குள்ளே இருநூறு கோடி வருஷம் இருந்தது. இப்ப இல்லை."

எங்கே போச்சு என்று கேட்டேன். நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மேலே எத்தனையோ படிந்திருக்கலாம், மலையே இருந்திருக்கலாம், எல்லாம் தேய்ந்து கரைந்து ஆற்றோடு போய்விட்டது என்றார். மீன் தோன்றியது, பெரிய பல்லிகள் நடந்தது, அழிந்தது — அத்தனையும் நடந்தபோது இந்தப் பூமி இங்கேதான் இருந்தது. எழுதி வைக்கத்தான் ஒன்றுமில்லை. என் கையையும் அங்கே வைக்கச் சொன்னார். வைத்தேன். ஒரு சாணில் கோடிக்கணக்கான வருஷம் காணாமல் போகுமென்றால், என் அம்பது வருஷம் எந்த மூலைக்கு? கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

அடியில் போய் அவர் சுவரோடு முகத்தை வைத்துப் பார்த்தார். லென்ஸை எடுத்தார். என் மூச்சு எனக்குக் கேட்டது. மேலே வானம் ஒரு தட்டு அளவுக்கு இருந்தது, அதில் அக்காவின் தலை மட்டும் தெரிந்தது.

"விளக்கைக் கிட்டே கொண்டாங்கோ. பாருங்கோ... கறுப்பு, வரியை வெட்டிண்டு போறது."

பார்த்தேன். எனக்கே தெரிந்தது. வரிப்பாறையின் கோடுகள் நேராக வந்து, கறுப்பில் முட்டி அறுந்து நின்றன. கறுப்பிலிருந்து விரல் போல ஒரு கிளை வரிப்பாறையின் வெடிப்புக்குள் ஏறியிருந்தது. ஓரத்தில் மட்டும் கறுப்பு மாவு போல நைசாக இருந்தது.

வெட்டப்பட வேண்டுமானால் வரிப்பாறை முதலில் அங்கே இருந்தாக வேண்டும் அல்லவா? அப்படியானால் வெட்டியது பின்னால் வந்தது. வரிப்பாறை உறைந்து எத்தனையோ காலம் கழித்து, கறுப்பு பூமிக்குள்ளிருந்து நெருப்புக் குழம்பாக ஏறி வந்து, பழைய பாறையின் குளிர்ச்சி பட்டு ஓரத்தில் சட்டென்று உறைந்திருக்கிறது. அடியில் இருந்தாலும் அது மூத்தது அல்ல. வரிப்பாறைக்கு இளையது, சுக்கானுக்கு மூத்தது.

கடைசிக்கு முந்தின இடம்.

அவர் லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டார்.

பிறகு அவர் விளக்கினார். இது படுகை அல்ல, சாய்ந்து நிற்கிற சுவர். கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். கீழ்நோக்கி எத்தனை வெடி வைத்தாலும் தாண்ட முடியாது. இந்தப் பக்கத்தில் நிலத்தடி நீர் கிழக்கிலிருந்து மேற்கே இறங்குகிறது. சுவர் அதை மறித்திருந்தால் தண்ணீர் அதற்குக் கிழக்கே நிற்க வேண்டும்.

மேலே வந்து மச்சானிடம், "வெடி வேண்டாம். கிழக்கே பக்கவாட்டிலே துளை போடுங்கோ" என்றார்.

கல் சாம்பிளை அவர் எடுக்கவில்லை. அக்கா கேட்காமலே, கிணற்றுக்குள்ளிருந்து வேறு உடைத்துக்கொண்டு போனார். கறுப்புக்கு எவ்வளவு வயது என்று லேபில் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். ஜீப்பில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வரிசை முன்னால் ஒரு நிமிஷம் நின்றதை நான் பார்த்தேன்.

நான் மீனாட்சிபுரம் திரும்பிவிட்டேன். சைடு போர் போடுகிறவர்கள் வந்து ஐந்து நாள் துளைத்திருக்கிறார்கள். ஆறாம் நாள் துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்ததாக ஆள் வந்து சொன்னான்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கிணற்றில் இரண்டு ஆள் மட்டத்துக்குத் தண்ணீர். தென்னைகளில் புதுக் குருத்து. நிலத்தை விற்கிற பேச்சை மச்சான் எடுப்பதில்லை.

அக்கா தனியாக இருந்தபோது, நெடுநாள் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். அந்தக் கறுப்புக் கல்லை அந்த இடத்தில்தான் வைக்கணும் என்று உனக்கு எப்படித் தோன்றியது?

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நான் எங்கடா தம்பி மாத்துனேன்? மஞ்சளும் பொட்டும் மட்டும்தான் நான் வெச்சது. விடியறதுக்கு முன்னாடி போறப்பவே அது அங்கதான் நின்னுச்சு. நீயோ உங்க மச்சானோ வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அந்தப் புதன்கிழமை இரவு மச்சான் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆபீசர் சித்தூரில். நான் அந்தக் கற்களைத் தொட்டதுகூட இல்லை.

"தண்ணி குடிக்கறயா?" என்று அக்கா சொம்பை நீட்டினாள். நல்ல தண்ணீர். இரண்டு சொம்பு குடித்தேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.