மூச்சு விட நின்ற இடம்

இந்த ரமலானில் எங்கள் பள்ளிவாசலில் தராவீஹ் இரவுத் தொழுகை தொழவைக்க வெளியூரிலிருந்து ஹாபிஸை அழைக்க வேண்டாம், நம் தெருப் பிள்ளையே நிற்கட்டும் என்று முந்தைய ஷஃபான் மாதத் தொடக்கத்திலேயே பள்ளி நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லியிடம் வாதாடியவன் நான்தான். பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. கோரிமேட்டில் லேப் டெக்னீஷியன் படிக்கிறான். குர்ஆன் முழுவதும் மனப்பாடமான ஹாபிஸ். ஆனாலும் ஜமாஅத்துக்கு முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. அவன் தடுமாறினால் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்க நேர் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். நானும் ஹாபிஸ் என்பதால் அந்த இடம் எனக்கு.

முதல் இரவிலிருந்தே அவன் நிறுத்திய இடத்திலெல்லாம் எடுத்துக்கொடுத்தேன். உதவுவதாகத்தான் நினைத்தேன். ஐந்தாம் இரவு அவன் நின்றான், நான் கொடுத்தேன், என்னைப் பார்த்துப் பக்கத்து வரிசையிலிருந்தும் ஒருவர் கொடுத்தார். அவன் முன் வசனத்துக்குப் போனான், குழம்பினான், குரல் உடைந்து ருகூவுக்குக் குனிந்துவிட்டான்.

தொழுகை முடிந்து டீ குடிக்கும்போது மளிகைக்கடைக்காரர் கேட்டார்: "தொழவச்சது ஹாபிஸா, பின்னாடி நிக்கிற பாயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு வெளியே போனான். வண்டியை எடுப்பதற்குள் பின்னாலேயே போய், பயப்படாதே, இன்னும் நன்றாக ஓதிப் பார்த்துக்கொள் என்றேன்.

"நான் மறக்கல மாமா," என்றான். "மூச்சு வுடத்தான் நின்னேன். நீங்க குடுத்ததும் எங்க நிக்கிறேன்னே தெரியல. நாளைக்கி நான் வரல."

மறுநாள் காலையில் முத்தவல்லி போன் செய்தார். கடலூரில் ஒரு ஹாபிஸ் இருக்கிறார், கூப்பிடலாமா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் தவறு என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். பகல் முழுக்க அந்த வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மாலை அஸர் தொழுகை முடிந்த பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனேன். பிள்ளையிடம் குறை இல்லை, அவன் மூச்சு விடுவதற்குள் நான்தான் அவசரப்பட்டேன் என்றேன்.

"அப்ப மாத்த வேண்டியது உங்களத்தான்," என்றார் முத்தவல்லி. சிரிக்கவில்லை. அவரே போய் அவனை அழைத்து வந்தார்.

அன்று அவன் பின்னால் நின்றது அவனோடு மதரஸாவில் ஓதிய நண்பன். நான் கடைசி வரிசையில் நின்றேன். நீளமான ஒரு வசனத்தின் நடுவில் அவன் நிறுத்தினான். என் உதடுகள் அடுத்த சொல்லுக்குத் தயாராகிவிட்டன. நண்பன் அசையவில்லை. முன்னாலிருந்து மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு எழுத்துப் பிசகாமல் ஓதிக்கொண்டே போனான்.

எனக்குத்தான் ஓதலில் மனம் நிற்கவில்லை. இதற்கு முன்னும் இரண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். இருவரும் பாதி ரமலானோடு விலகிக்கொண்டார்கள். ஒருவன் இப்போது வெள்ளிக்கிழமைக்குக்கூட வேறு பள்ளிவாசலுக்குத்தான் போகிறான். அவர்களுக்கு மனப்பாடம் போதாது என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன்.