ரங்கத்தில் சுட்ட உமிக்கல்

சூளை போட்டுப் பிழைக்கிறவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பான். அந்தமானில் சூளை போட்டவன் நிமிர்ந்து பார்க்கவே வேண்டாம், மழை தானாக வந்து தலையில் விழும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் மனைவி அஞ்சலையும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து கப்பலேறி அந்தமானில் ரங்கத் என்ற ஊருக்குப் போனோம். குடியேறியவர்கள் எல்லாரும் மூங்கில் தட்டி வீடுகளில் இருந்தார்கள். சர்க்கார் கட்டடத்துக்கு மட்டும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் செங்கல் வரும். வந்து இறங்குவதற்குள் பாதி ஜல்லியாகிவிடும். அங்கேயே சுட்டுக் கொடுத்தால் வாங்காமலா போவார்கள் என்று, இருந்த துண்டு நிலத்தை விற்றுவிட்டுப் போனோம். உங்களில் யாராவது இந்த மாதிரி துணிச்சலாகத் தொழில் தொடங்கியிருந்தால், மேற்கொண்டு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

வெடித்த கல்

அந்த ஊர் மண் காலில் ஒட்டினால் விடாது. அறுத்துக் காயவைத்த முதல் ஈட்டுக் கல், இன்னும் சுடாத பச்சைக்கல், முழுக்கப் பாளம் பாளமாக வெடித்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, அடுப்பு போடுகிற மண்ணில் உமி கலந்தால் வெடிக்காதே, இதிலும் கலந்தால் என்ன என்று அஞ்சலை கேட்டாள்.

ஊரில் நெல் அரைக்கும் மிஷின் வைத்திருந்தவர் ஹரிபதோ என்ற வங்காளி. உமியை ஓடையில் கொட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கொடுங்கள், மண்ணில் போட்டு மிதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். என்னிடம் ஒன்றும் கேட்காமல் மூட்டை கட்டிக் கொடுத்தார். மறுநாள் வீட்டுக்கே வந்து, நான் இல்லாத நேரமாகப் பார்த்து, அஞ்சலையிடம் மெதுவாக விசாரித்திருக்கிறார்: "தீதி, உங்க வீட்டுக்காரருக்கு புகாரா, காய்ச்சலா? மலேரியா தலைக்கு ஏறினா இப்படித்தான் பேசுவாங்க."

முளைத்த கல்

உமி கலந்த கல் வெடிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் நிறைய அறுத்தோம். உமி தீர்ந்துபோனது. ஹரிபதோவின் களத்தில் தூற்றிப்போட்ட பதர் கிடந்தது. அதையும் அள்ளிவந்து மிதித்தோம். பதரோடு நல்ல நெல்லும் கிடந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. மழை கவனித்தது. கொட்டகைக்குள் ஈரம் காயாமல் நின்ற பச்சைக்கல் எல்லாம் சில நாளில் பச்சைப்பசேலென்று முளைத்துவிட்டது.

விடிகாலையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், ஒரு மான் கூட்டம் என் செங்கல்லை மேய்ந்துகொண்டிருந்தது. மேய்ந்ததோடு போகாமல் மிதித்தும் வைத்திருந்தது. நானும் அஞ்சலையும் கம்பெடுத்து விரட்டினோம். சத்தம் கேட்டு வந்த ஹரிபதோ, நாற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மேரே கேத் மே பீ ஐஸா நஹி உக்தா. என் வயல்ல நெல் இப்படி முளைச்சதில்ல, பாய்."

பொரிந்த கல்

கல்லுக்குள் இருக்கும் உமியும் சேர்ந்து எரிவதால் சூளைக்கு விறகு குறைவாகவே பிடித்தது. காட்டுக்குள் விறகுக்குப் போய் அட்டையிடம் கடிபட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கொஞ்சம் உமிக்கே இவ்வளவு லாபமென்றால் என்று கணக்குப் போட்டு, அடுத்த ஈட்டில் அள்ளி அள்ளிக் கொட்டினேன். நெருப்பு தானாகப் பிடித்து அழகாக எரிந்தது. சூளையைப் பிரித்துக் கையில் எடுத்தால், கல் பொரி உருண்டை மாதிரி உதிர்ந்தது.

அஞ்சலை ஒரு கல்லை எடுத்து ஊதிப் பார்த்தாள். கோபப்படவில்லை. "மண்ணுல உமியப் போடச் சொன்னேன். நீங்க உமியில மண்ணப் போட்டிருக்கீங்க."

கனமில்லாத கல்

அடுத்தடுத்த சூளையில் உமியின் அளவு பிடிபட்டது. கல்லைத் தட்டினால் மணி மாதிரி சத்தம் வந்தது. அப்போது ஊரில் ஆஸ்பத்திரி கட்ட உத்தரவாகியிருந்தது. அதுவரை டென்ட்தான் ஆஸ்பத்திரி. கட்டடத்துக்குப் பொறுப்பான ஓவர்சியர் ஒரு மலையாளி. நியாயமானவர், அதனால் எதையும் சுலபத்தில் நம்பமாட்டார். என் கல்லைத் தூக்கினார், கப்பல் கல்லைத் தூக்கினார், கனம் போதாது என்று என்னுடையதைக் கீழே வைத்துவிட்டார்.

உள்ளே உமி எரிந்து பொடிப்பொடி ஓட்டையாக இருக்கிறது, அதனால்தான் லேசு, அதனால்தான் வெயிலும் உள்ளே இறங்காது என்று விளக்கினேன். இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஓட்டை இருக்குன்னு நீங்களே சொல்லிட்டு, கையெழுத்துக்கு என்கிட்ட வரீங்களே."

நின்ற கல்

மழைக்காலம் வந்தது, கப்பல் வரவில்லை. ஒரு காற்றில் ஆஸ்பத்திரி டென்ட் பறந்துபோனது. ஹரிபதோவின் மருமகளுக்கு மாசம் நெருங்கிவிட்டது. தட்டி வீடுகள் எல்லாம் ஒழுகின. ஹரிபதோ ஓவர்சியர் வீட்டுக்குப் போனார். சண்டை போடவில்லை. ஊரில் ஒழுகாத வீடு இது ஒன்றுதான், மருமகளை இங்கே எப்போது கூட்டிவரலாம் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

மறுநாள் ஓவர்சியர் சூளைக்கு வந்தார். இரண்டு கல்லை நிறுத்தி, குறுக்கே ஒன்றை வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார். என்னையும் ஏறச் சொன்னார். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றோம். கல் உடையவில்லை. பிரசவ அறை ஒன்றை மட்டும் இதில் கட்டலாம் என்றார்.

தார்ப்பாய்க்கு அடியில் சுவர் எழுப்பிக் கூரைக்குத் தகடு போட்டார்கள். அந்தப் பெண்ணை உள்ளே கொண்டுபோன அன்று மழை சுவரில் அறைந்தது. அஞ்சலை உள்ளே துணைக்கு இருந்தாள். நான் வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நிலம் போனபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை. ஓவர்சியர் குடையோடு வந்தார். அஞ்சலை வரச்சொன்னதும் உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "சுவர்ல ஈரம் இல்ல, குழந்தை அழுவுது. ரெண்டும் பாஸ்."

செங்கல் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: கல்லை எப்படியாவது சுட்டு எடுத்துவிடலாம், வாங்க வருகிறவர்தான் பதத்துக்கு வர நாளாகும்.