இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

சில வருடங்களுக்கு முன், புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. ஒஸ்லோவில் வேட்டைச் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்கு நான், இவர், எங்கள் நான்கு வயது மகள் மூன்று பேரும் போயிருந்தோம். நரி சுடுவதற்குத் துப்பாக்கி வாங்க. சிரிக்காதீர்கள், வாங்கப் போனது இவருக்கு இல்லை, எனக்கு.

நாங்கள் இருப்பது லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால், வயல் ஓரத்தில் ஒரு பழைய வாடகை வீட்டில். இவர் பஸ் ஓட்டுகிறார், நான் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வீட்டுப் பின்பக்கம் கோழி வளர்க்க ஆசைப்பட்டு வளர்த்தோம். அந்த வசந்தகாலத்தில் நரி வந்தது. ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப வந்தது. காலையில் எழும்பி இறகுகளைக் கூட்டி அள்ளும்போது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. பக்கத்து வயல்காரி ஒரு நோர்வேஜியப் பெண், செம்மறி வளர்ப்பவர். அவருக்கும் அதே நரியால் தொல்லை. “வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணு, இலையுதிர்காலத்தில் என் வயலில் இருந்தே நரியைச் சுடலாம், இங்கே பெண்கள் எத்தனை பேர் வேட்டைக்குப் போகிறார்கள்” என்றார்.

இதை இவரிடம் சொன்னேன். “எலியைக் கண்டாலே கதிரையிலை ஏறி நிக்கிற ஆள் நீர். நரி சுடப் போறீரோ?” என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவ்வளவுதான். எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். அந்தக் கிழமையே வேட்டைப் பரீட்சைக்கு வகுப்பில் சேர்ந்தேன். படித்தேன், பாஸ் பண்ணினேன். இவர் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் சுடுவதுதான் வரவில்லை. வயல்காரி என்னைத் தன் வேட்டைச் சங்கத்தின் சுடும் இடத்துக்குக் கூட்டிப் போவார். சங்கத்துத் துப்பாக்கியை வலது தோளில் வைத்து, இடக்கண்ணை மூடிக் குறி பார் என்பார்கள். எனக்கு இடக்கண்ணை மட்டும் மூட வராது. மூடினால் வலக்கண்ணும் சேர்ந்து மூடிக்கொள்ளும். சுட்ட ரவை எங்கே போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். பலகையில் ஒட்டிய கடதாசியில் ஓட்டையே இருக்காது. “இப்படி இருந்தால் விலங்கைக் காயப்படுத்தி விட்டுவிடுவாய், அது பாவம். சரியாகச் சுடும்வரை வயலுக்கு வராதே” என்று வயல்காரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம். எனக்கென்றே ஒரு நல்ல துப்பாக்கி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதே நாட்களில் வீட்டுக்குள்ளே எனக்கு வேறொரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மகளுக்கு எல்லாம் இடக்கைதான். கரண்டி, பென்சில், பிரஷ் எல்லாம் அந்தக் கைக்குத்தான் போகும். அவள் போகும் பார்னஹாகேயில், அதுதான் இங்குள்ள பாலர் பள்ளியில், “இவள் இடக்கைக்காரி, அப்படியே விடுங்கள்” என்று சொன்னார்கள். நான் விடுவேனா? வருகிற விஜயதசமிக்குக் கோயிலில் ஏடு தொடக்க இருந்தோம். ஐயர் கையைப் பிடித்து அரிசியில் எழுத்து எழுதுவிக்கும்போது, எங்கள் பிள்ளை சபை நடுவில் இடக்கையை நீட்டினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் கவலை. வலக்கைக்குச் “சரிக் கை” என்றும் இடக்கைக்குப் “பிழைக் கை” என்றும் பெயர் வைத்துப் பழக்கினேன்.

அடிக்கவில்லை, ஏசவில்லை. சாப்பாட்டு நேரம் பக்கத்தில் இருந்து அவளுடைய இடக்கையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வேன். அது எனக்கு அன்பாகத்தான் தெரிந்தது. ஏனென்றால் என் சின்ன வயது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவதே அதுதான்: என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார், நான் சாப்பிடுவேன். எத்தனையோ பேருக்கு அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மகளோ அழுவாள். வலக்கையால் அள்ளிய சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்திவிடும். பிறகு பிறகு வீட்டில் சோறே வேண்டாம் என்றாள். பிள்ளை மெலிந்துகொண்டு போனாள். விஜயதசமி முடிய எல்லாம் சரிவரும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

சரி, கடைக்கு வருகிறேன். சுவர் நிறையத் துப்பாக்கிகள். எடுக்கிறதுதான் எடுக்கிறோம், பெரிதாகவே எடுப்போம் என்று அங்கே இருந்ததில் மிகப் பெரியதைக் காட்டினேன். கடைக்காரர் தாடி வைத்த, நிதானமான மனிதர். என்ன விலங்குக்கு என்று கேட்டார். நரி என்றேன். இவர் பக்கத்தில் நின்று, “நரிக்கெண்டு சொல்லிப்போட்டு யானைக்கு எடுக்கிறீர்” என்றார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் விளங்கிவிட்டது. நரி, முயல் மாதிரிச் சின்ன விலங்குகளுக்குச் சின்ன ரவைதான் நல்லது என்றார். தோளில் இடிக்காது, சத்தமும் குறைவு, பதற்றம் இல்லாமல் குறி வைக்கலாம், தோலும் பழுதாகாது. பெரிய ரவை நரியைச் சிதைத்துவிட்டு அப்பாலும் வெகுதூரம் போகும், அங்கே யார் நிற்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது என்றார். பிறகு மெல்லிய துப்பாக்கி ஒன்றை எடுத்துத் தந்தார்.

வலது தோளில் வைத்துப் பார்த்தேன். என் தலை தானாகவே துப்பாக்கியின் மரக்கட்டைக்கு மேலால் மறுபக்கம் சாய்ந்தது. அவர் அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை மாதிரிச் செய்து, தூரச் சுவரில் இருந்த மணிக்கூட்டை அதற்குள்ளால் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இவர் கிட்ட வந்து, கடைக்காரர் சொன்னபடி என் இடக்கண்ணைத் தன் கையால் மறைத்தார். மணிக்கூடு காணாமல் போய்விட்டது. வலக்கண்ணை மறைத்தபோது அது அப்படியே அங்கே இருந்தது.

“குறி பார்க்க உனக்கு இடக்கண்தான் முன்னுக்கு நிற்கிறது. இத்தனை நாளும் தப்பான தோளில் வைத்துக்கொண்டு சிரமப்பட்டிருக்கிறாய்” என்றார் கடைக்காரர். உள்ளே போய் இன்னொன்று கொண்டு வந்தார். இடக்கைக்காரர்களுக்காகச் செய்தது, ரவை ஏற்றப் பின்னுக்கு இழுக்கும் இரும்புப் பிடி அதில் இடதுபக்கம் இருந்தது. இடது தோளில் வைத்தேன். என்ன சொல்ல! கன்னம் கட்டையில் பதிந்தது. மேலே பூட்டியிருந்த தொலைநோக்கிக்குள் மணிக்கூட்டின் முள் அசையாமல் நின்றது. யாரும் சொல்லித் தராமலே என் இடக்கை போய் அந்தப் பிடியை இழுத்துத் தள்ளியது, தினமும் செய்கிற வேலை போல. எனக்கே என் கையைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது.

அப்போதுதான் பின்னால் மகளின் குரல் கேட்டது. கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“அம்மா, அது பிழைக் கை!”

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கடைக்காரர் கேட்டார். நோர்வேஜிய மொழியில் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் என் கையைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். “எது பிழை?” என்று உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்.

அதையே எடுப்பதாகச் சொல்லி, பொலிஸ் அனுமதிக்கு வேண்டியதைக் கதைத்துவிட்டு வெளியே வந்தோம். வழி முழுக்க நான் என் இடக்கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். இவர், “என்னப்பா, வாயடைச்சுப் போச்சோ?” என்று கேட்டும் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் ஹவுகெட்டோவில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“அக்கா, நான் சின்னனிலை எந்தக் கையாலை சாப்பிட்டனான்?”

“ஏன் இப்ப அதைக் கேக்கிறாய்?”

“சொல்லுங்கோவன்.”

“இடக்கையாலைதான். எல்லாத்துக்கும் உனக்கு இடக்கைதான். பள்ளிக்கூடம் போக முந்தி மாத்திப்போட வேணுமெண்டு அம்மா சொல்லிப்போட்டா. நீ சாப்பிடேக்கை பக்கத்திலை இருந்து அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறது என்ரை வேலை. சரியா அழுவாய். பிறகு பிறகு அழுகிறதை விட்டிட்டாய்.”

போனை வைத்துவிட்டுக் குசினியில் நின்று அழுதேன். அக்காவில் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைதானே. ஆனால் வாழ்க்கையில் எனக்கு மிக இனிப்பான ஞாபகம் என்று இவ்வளவு காலமும் பொத்தி வைத்திருந்தது, நான் அழ அழ ஒருவர் என் கையைப் பிடித்து வைத்த ஞாபகம் என்றால் எப்படி இருக்கும்? அழுததை நான் மறந்துவிட்டேன், பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். அதைத்தான் என் பிள்ளைக்கும் அன்பென்று கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் மகளின் பக்கத்தில் இருக்கவில்லை, எதிரே இருந்தேன். “விரும்பின கையாலை சாப்பிடு குஞ்சு” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இடக்கையைத் தானே தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் இருந்துகொண்டு, வலக்கையால் சோற்றை அள்ளிச் சிந்தினாள். இப்படித்தான் விஜயதசமி வரைக்கும். பிழைக் கை என்று ஒன்று இல்லை, அம்மா சொன்னதுதான் பிழை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். இவரும் அவளுக்கு முன்னால் இடக்கையால் சாப்பிட்டுக் காட்டிச் சட்டையெல்லாம் குழம்பாக்கினார். அவள் சிரித்தாளே தவிரக் கையை எடுக்கவில்லை.

விஜயதசமி அன்று கோயிலில் நல்ல கூட்டம். அக்காவும் வந்திருந்தார். எங்கள் முறை வந்ததும் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஐயருக்கு முன்னால் இருந்தேன். தாம்பாளத்தில் அரிசி பரப்பியிருந்தது. மகள் வலக்கையை நீட்டினாள். மற்றக் கை பட்டுப்பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக் கிடந்தது. ஐயர் விரலைப் பிடிக்கப் போனார்.

“ஐயா, இவவுக்கு இடக்கைதான் வாட்டம். அந்தக் கையாலையே எழுதட்டும்” என்றேன். பின்னால் வரிசையில் குசுகுசுப்பது கேட்டது.

ஐயர் தயங்கினார். “வழக்கம் வலக்கைதானே பிள்ளை. நல்ல காரியம்...” என்று இழுத்தார்.

அப்போது பக்கத்தில் நின்ற அக்கா குனிந்து, “ஐயா, இவளின்ரை கையைச் சின்னனிலை பிடிச்சு மாத்தினது நான்தான். இனி இந்தக் குழந்தையின்ரை கையையும் பிடிக்க வேண்டாம்” என்றார். சபையில் ஒருநாளும் வாய் திறக்காத அக்கா. அவருடைய கண் கலங்கியிருந்தது.

ஐயர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, “எடுங்கோ அம்மா அந்தக் கையை” என்றார். அவள் உடனே எடுக்கவில்லை. கழுத்தைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பாவாடைக்குள் இருந்து கை மெதுவாக வெளியே வந்தது. ஐயர் அந்த விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவித்தார். கோணல் இல்லாத, வடிவான ‘அ’. ஐயர் கையை விட்ட பிறகும் அவள் நிறுத்தவில்லை. தானாக இன்னொரு ‘அ’ எழுதினாள்.

நரி அகப்பட்டதா என்று கேட்பீர்கள். தை மாதத்தில், வயல்காரியின் கொட்டிலில் இருந்து ஒரே வெடியில் விழுத்தினேன், அது துடிக்கவும் இல்லை. இவர் இப்போது என் துப்பாக்கியைப் பற்றி ஊரெல்லாம் புளுகித் திரிகிறார். மகள் பள்ளிக்கூடம் போகிறாள், வயிறாரச் சாப்பிடுகிறாள். ஆனால் யாராவது விருந்தாட்கள் வந்திருக்கும்போது, கரண்டியை எடுக்க முன் அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்க்கிறாள். அந்த ஒரு கணத்தை அவளுக்குப் பழக்கியது நான்தான் என்பதை ஒவ்வொரு முறையும் தலையாட்டும்போது நினைத்துக்கொள்கிறேன்.