மிளகாய்க் கிடங்கு மாடியில் மொசாம்பிக் வகுப்பு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கரமனையில் ஒரு சின்ன லேபில் பல வருஷமாக டெக்னீஷியன் வேலை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன், கிருமி தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். என் மைத்துனர் வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சாமி வந்தபோதுகூட, அவளுக்கு முதலில் சர்க்கரை பாருங்கள் என்று சொல்லி எல்லாரிடமும் திட்டு வாங்கியவள். அதனால் இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் உதட்டைச் சுழித்தால் எனக்குக் கோபம் வராது என்று நினைக்காதீர்கள். வரும். இதைச் சொன்ன இடத்திலெல்லாம் ஒன்று சிரித்தார்கள், இல்லை கையில் கயிறு கட்ட வந்தார்கள். இரண்டு கூட்டத்தின் மேலும் எனக்கு ஆத்திரம்தான்.

என் வீட்டுக்காரர் சங்கரன் கிரேன் மெக்கானிக். துறைமுகத்தில் நிற்கிற பெரிய கிரேன்களைப் பிரித்துப் போட்டுச் சரியாக்கத் தெரிந்த மனிதர். வளைகுடாவில் வேலை போய் ஊருக்கு வந்து சும்மா இருந்தார். வேலையில்லாத ஆம்பிளை வீட்டில் எப்படி இருப்பான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம், மிக்ஸியைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். அப்போதுதான் மொசாம்பிக்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு ஏஜென்சி கூப்பிட்டது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், போர்த்துகீசியம் பேசுகிற நாடு. முதல் முறை போகிறவர்களுக்கு அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வகுப்பு இருக்கிறது, வீட்டு ஆட்களும் வரலாம், ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். நானும் கூடப் போனேன்.

ஆரியசாலையில் ஒரு மிளகாய்க் கிடங்கின் மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில், கீழே மூட்டை இறக்குகிற சத்தம். இருட்டு, நாய் ஊளை, அதெல்லாம் ஒன்றும் கிடையாது, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மிளகாய் நெடி மேலே ஏறி வந்து எல்லாரும் தும்மிக்கொண்டிருந்தோம். வந்தவர்களில் பாதி தமிழ், பாதி மலையாளம், எல்லாம் வெல்டர்கள், டிரைவர்கள். எனக்கு முன்னால் கல்லாறிலிருந்து வந்த ஷிபு என்கிற பையன், கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, மனைவிக்கு ஓயாமல் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தான்.

வகுப்பெடுத்தவர் பெயர் பென்னி சார். அங்கே சில வருஷம் இருந்து வந்தவராம். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். சுவரில் படம் காட்டினார். கடற்கரை, இறால், சூரியன் மறைவது, மறுபடி கடற்கரை. இங்கிலீஷ் போதும், கோவாவுக்குப் போகிற மாதிரிதான், ஒன்றும் பயப்பட வேண்டாம் என்று தமிழும் மலையாளமும் கலந்து தேன் மாதிரிப் பேசினார். நான் கை தூக்கி, மலேரியாவுக்கு என்ன ஏற்பாடு, அங்கே அது அதிகமாச்சே என்று கேட்டேன்.

"மேடம், அதெல்லாம் சும்மா பயப்படுத்துறது. கொசு நம்ம கரமனையில இல்லையா? ஒரு பாராசிட்டமால் போட்டுப் படுத்தா தீர்ந்நு" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. தினமும் ரத்தம் பார்க்கிறவள் நான். அந்தக் காய்ச்சலை மாத்திரை போட்டு அமுக்கிவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்காமல் போவதும் உண்டு. அதைச் சொல்ல நான் வாயைத் திறக்கும்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"எவன் சொன்னான் இங்கிலீஷ் போதும்னு? தாகத்துக்குத் தண்ணி கேக்கணும்னாலும் அங்க அவங்க பேச்சு வேணும். உள்ளதச் சொல்லுல."

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஜன்னலை ஒட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கறுத்த, அகலமான முகம், ஐம்பது வயது இருக்கலாம். பெரிய பூப்போட்ட மஞ்சள் துணியை இடுப்பில் சுற்றி, அதே துணியில் தலையையும் கட்டியிருந்தாள். பார்த்தவுடன் ஆப்பிரிக்காக்காரி என்று தெரிந்தது. காரியவட்டம் யுனிவர்சிட்டிக்குப் படிக்க வருகிறவர்களைப் பார்த்துப் பழகியதால் அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆனால் அவள் பேசியது சுத்தமான நாகர்கோவில் தமிழ், என் அம்மா வீட்டுப் பக்கத்துப் பேச்சு. அது ஏன் அப்போது எனக்கு உறைக்கவில்லை? நம்பினால் நம்புங்கள், அந்த நேரத்தில் அது ரொம்ப இயல்பாக இருந்தது. இன்னொன்றும் கவனித்தேன், அந்த அறையில் அவள் ஒருத்திதான் தும்மவில்லை.

அவள் நிறுத்தவில்லை. கடைக்குள்ளே போனால் முதலில் வணக்கம் சொல்லணும், மத்தியானம் வரை போம் தியா, அதற்குப் பிறகு போவா தார்தே, சொல்லாமல் விலை கேட்டால் மரியாதை தெரியாதவன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்றாள். நன்றி சொல்ல ஆம்பிளை ஒப்ரிகாது என்பான், பொம்பிளை ஒப்ரிகாதா என்பாள் என்றாள். போலீஸையும் துறைமுகத்தையும் சர்க்கார் கட்டடத்தையும் போட்டோ எடுக்காதே, பாஸ்போர்ட்டுக்கு நோட்டரி கையெழுத்துப் போட்ட நகல் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும், தெருவில் நிறுத்திக் கேட்பார்கள் என்றாள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தம் பார், விடியட்டும் என்று படுக்காதே என்றாள். எல்லாம் ஒரு தாய் அதட்டுகிற மாதிரி, மூச்சு விடாமல். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒருத்தியாவது உண்மையைச் சொல்கிறாளே என்று.

பென்னி சார் சிரிப்பை நிறுத்தியிருந்தார். அவர் மேஜையில் எங்கள் பாஸ்போர்ட்டுகள் எல்லாம் ஒரு கட்டாக இருந்தன, கம்பெனி ஆபீஸில் பத்திரமாக இருக்கும் என்று சொல்லி ஆரம்பத்திலேயே வாங்கி வைத்திருந்தார். அந்தப் பெண் அந்தக் கட்டைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"இரும்புப் பெட்டியில பூட்டி வச்சிருக்கேன்னு அந்தப் பிள்ளைகிட்டயும் சொன்ன இல்லியா? என் வீட்டுப் பின்னறையில காய்ச்சலோட கிடந்து, ஊருக்குப் போணும் ஊருக்குப் போணும்னு அழுதானே. உன்னத் தேடி எத்தன தடவ நடந்தேன்? கதவத் தொறந்தியா?"

அடுத்து எனக்கு நினைவிருப்பது, மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறேன், அந்தக் கட்டு என் கையில் இருக்கிறது. எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. ஒவ்வொன்றாகப் பெயரைப் படித்து அவரவரிடம் கொடுத்தேன். அவர் கன்னத்தில் அறைந்துவிடுவேனோ என்று எனக்கே தோன்றியது, அவ்வளவு கோபம். பென்னி சார் தடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, "நிங்ஙள் அவிடெ உண்டாயிருந்நோ?" என்று கேட்டார். நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று. நான் கேள்வியைப் பொருட்படுத்தாமல், அந்தப் பெண்ணிடம் பேசலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். அந்த இடத்தில் நாற்காலியே இல்லை. மடக்கி வைத்த மேஜைகள்தான் சாய்ந்திருந்தன.

கீழே டீக்கடையில் எல்லாரும் நின்றோம். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அம்மா எங்கே போய்விட்டார் என்று கேட்டேன்.

"ஏது அம்மா?" என்றான் ஷிபு. "சேச்சியல்லே எணீற்று நின்னு சாரை வழக்கு பறஞ்ஞது?"

எழுந்து நின்று திட்டியது நான்தானாம். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஏட்டி மீனா, நீ எங்க படிச்ச அந்தப் பாஷைய? எனக்கு ஒரு எழவும் புரியல்ல. அவருக்கு மட்டும் புரிஞ்சுது. நீ பேசப் பேச அந்த மனுசன் மூஞ்சி செத்துப்போச்சு."

பின்னால் பெண் யாரும் இல்லை. நான்தான் எழுந்து நின்று, யாருக்கும் தெரியாத பாஷையில், வேறு ஒரு கட்டைக் குரலில் பேசியிருக்கிறேன். அங்கிருந்த எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்குப் போர்த்துகீசியத்தில் அன்றுவரை ஒரு வார்த்தை தெரியாது. என்ன பேசினேன் என்று நான்தான் அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஷிபு பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டான். அவன் போகவில்லை. அன்றைக்கு வந்த யாருமே அந்த ஏஜென்சி வழியாகப் போகவில்லை.

அந்த வாரத்திலேயே மாடி அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். பென்னி சாரின் போன் அணைந்திருந்தது. எங்களுக்கு முன்னால் அவர் அனுப்பியவர்கள் கையில் பாஸ்போர்ட் இல்லாமல் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கொஞ்ச நாளில் பேச்சு வந்தது. நான் போலீஸுக்குப் போனேன். பின்னறையில் காய்ச்சலோடு கிடந்த ஒரு பிள்ளை உண்டு, அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தேடுங்கள் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார்கள். சொன்னேன். அந்த ஆபீஸர் பேனாவை மூடிவிட்டு, "மேடத்துக்கு உறக்கமெல்லாம் சரியா வருதா?" என்றார். மைத்துனர் ஒரு மந்திரவாதியிடம் போகலாம் என்றார். நான் வேலை செய்கிற இடத்து டாக்டர், வயசு ஆகிறது இல்லையா, ஹார்மோன் என்றார். ஒரு பிள்ளை செத்தானா பிழைத்தானா என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. என் தலையைப் பற்றித்தான் எல்லாருக்கும் கவலை. இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பிறகு நேராக ஒரு கம்பெனியில் விண்ணப்பித்து, அதே நாட்டுக்கு, பெய்ரா என்கிற துறைமுக ஊருக்குப் போனார். போக வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன்.

"அந்தப் பொம்பள போகாதன்னா சொன்னா? எப்படிப் போணும்னுதானே சொன்னா" என்றார்.

பாஸ்போர்ட் அவர் கையில்தான் இருக்கிறது. நகல் சட்டைப்பையில். போன மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் அவருக்கு உடம்பு சுட்டது. கூட இருந்தவர்கள் காலையில் பார்க்கலாம் என்றார்களாம். இவர் கேட்காமல் அப்போதே போய் ரத்தம் பார்த்தார். மலேரியா, அதுவும் மோசமான வகை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே சொன்னதை அவர் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா அது. அன்றைக்கு லேபில் உட்கார்ந்து ஸ்லைடு பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போய் அழுதேன்.

இப்போது சொல்லப்போவதை நான் போலீஸிடம் சொல்லவில்லை, மைத்துனரிடமும் சொல்லவில்லை.

சமீபத்தில் ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவர் வீடியோவில் கூப்பிட்டு அங்கே மீன் சந்தையைக் காட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு அந்தப் பாஷை ஓரளவு வரும். விலை கேட்டு எனக்குச் சொல்லிக்கொண்டே நடந்தார். தலையில் மீன் நிறைந்த அலுமினியப் பேசினோடு ஒரு பெண் எதிரே வந்தாள், தாண்டிப் போனாள், நின்றாள், திரும்பி வந்தாள். அவர் போனுக்குள் குனிந்து பார்த்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அகலமான முகம். தலையில் பூப்போட்ட துணி, இந்தத் தடவை நீலம். உயிரோடு, வியர்த்து வழிந்துகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்கிற மாதிரி என்னிடம் எதையோ கேட்டாள்.

சங்கரன் போனைத் தன் பக்கம் திருப்பினார். "இவ என்னமோ ஆள் மாறிப் பேசுதா. 'அவன் ஆம்புட்டானா'ன்னு கேக்கா. யாருட்டி அது?" என்று சொல்லிவிட்டு மறுபடி போனை அவள் பக்கம் காட்டினார்.

பென்னி சார் பிடிபட்டானா என்றுதான் கேட்கிறாள், எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "இல்ல, இன்னும் ஆம்புடல்ல" என்றேன். தமிழில்தான் சொன்னேன், எனக்கு நன்றாகத் தெரியும், என் வாயால், என் குரலில்.

அந்தப் பெண் உதட்டைக் கடித்துத் தலையை ஒருமுறை ஆட்டினாள். பேசினைச் சரியாக வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

"நீ சொன்னத நான் இன்னும் அவ பாஷையில சொல்லவே இல்லியேட்டி" என்றார் சங்கரன்.