அம்மை என்று நினைத்த வட்டங்கள்

ஆடி மாதம் என் உதட்டோரம் ஒரு கொப்புளம் வந்து தானாகக் காய்ந்தது. அடுத்த வாரமே உள்ளங்கைகளில் சிவப்பு வட்டங்கள் கிளம்பின. பிறகு வாயெல்லாம் புண். நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்களுடன் இருக்கும் மாமியார், "ஆத்தா வந்திருக்கா" என்று வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார்.

எனக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. யாருக்கோ நடப்பதைப் போலக் கிடந்தேன். கண்கள் சிவந்து வெளிச்சம் கூசியபோதும் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் தண்ணீர் புகட்டினார். விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது.

"எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றார்.

"அம்மை போட்டிருக்கும்போது வாசப்படி தாண்டக் கூடாதுடா" என்று மாமியார் தடுத்தார்.

"தண்ணியே எறங்கலம்மா. ஆத்தா கோச்சிக்கினா நான் பாத்துக்கறேன்."

மருத்துவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வட்டத்துக்குள் வட்டமாக, நடுவில் கருத்திருந்தது.

"இதுக்கு முன்னாடி உதட்டுல கொப்புளம் வந்துதாம்மா?"

தலையசைத்தேன்.

"இது அம்மை இல்ல. அந்தக் கொப்புளத்த உண்டாக்குன கிருமிய எதிர்த்து உடம்பு காட்டுற அழற்சி. கண்ணுக்கும் வந்திருக்கு. இன்னும் விட்டிருந்தா பார்வையே போயிருக்கலாம்."

அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ட்ரிப்ஸ் ஏற்றினார்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார்கள், மெல்லத் தேறினேன். வீடு திரும்பிய பின் ஒருநாள் ஊசியின் காது தெளிவாகத் தெரிந்து நூல் கோத்தபோதுதான் உடைந்து அழுதேன்.

இப்போது உதட்டில் சுருக்கென்றாலே மருத்துவரிடம் போய்விடுகிறேன். வீட்டில் யார் உடம்பில் எது கிளம்பினாலும் முதலில் அவரிடம்தான் காட்டுகிறோம். வேப்பிலை பறிப்பது அதற்குப் பிறகுதான்.