மாற்றி வைத்த மாலை

இது நடந்த கதை. சந்தேகம் இருந்தால் பாறசாலைச் சந்தைக்குப் போய், தாணு முதலாளியின் நகைக்கடை எங்கே இருந்தது என்று வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். தூரத்தில் நின்று கையைக் காட்டுவார்கள். கூட வரமாட்டார்கள்.

தாணுவின் தாத்தா அமரவிளையில் ஓலைக்கூரைக்குக் கீழே ஊதுகுழலோடு தொடங்கிய தொழில் அது. அப்பா காலத்தில் பட்டறை கடையானது. தாணு காலத்தில் கண்ணாடி அலமாரிகளும், சுவர் உயர நிலைக்கண்ணாடியும், பட்டு மெத்தை போட்ட நாற்காலிகளும் வந்தன. நெய்யாற்றின்கரையிலிருந்து மார்த்தாண்டம் வரை பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் நகை அங்கேதான். கடை வளர வளர முதலாளியின் நெஞ்சு சுருங்கிக்கொண்டே வந்தது. அதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

1954. எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷம். மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டவர்களைப் போலீஸ் வீடு வீடாகத் தேடியது. குன்னத்துகால் ராஜையாவை இழுத்துப்போன அன்று, அவன் மனைவி கிருபாபாய் முந்தானையில் முடிந்த மாலையோடு கடைக்கு ஓடி வந்தாள். அவள் அம்மா போட்ட கனத்த தங்கமாலை. போலீஸ் வீட்டைச் சோதனை போட்டால் அது மிஞ்சாது.

"முதலாளி, இத மாற்றி வச்சிருங்க. நான் பொறவு வாறேன்."

அந்தப் பக்கத்துப் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். மலையாளத்தில் 'மாற்றி வை' என்றால், தனியே எடுத்துப் பத்திரப்படுத்து. சுத்தத் தமிழில் கேட்டால், ஒன்றைக் கொடுத்து இன்னொன்றாக்கு. இரண்டு அர்த்தமும் அங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தாணுவுக்கும் தெரியும்.

அடிபட்ட ராஜையா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மாலையை விற்று வைத்தியம் பார்க்கலாம் என்று அவள் திரும்பி வந்தாள். தாணு ஒரு மாலையை நீட்டினார். பித்தளை. மேலே தங்கமுலாம்.

"மாத்தி வைக்கச் சொன்னே. மாத்தியாச்சு."

"பத்திரமா எடுத்து வையுங்கன்னாக்கும் நான் சொன்னது!"

"மலையாளம் எனக்கென்ன தெரியும்? நான் தமிழன் ஆக்கும்."

"தமிழுக்காக்கும் என் மாப்பிள அடிபட்டுக் கெடக்காரு. எனக்கா தமிழ் தெரியாது?"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மூத்த மகன் ஜெயச்சந்திரனும் சிரித்தான். அப்பா செய்தது பச்சைத் திருட்டு என்று தெரிந்தேதான் சிரித்தான். ராஜையா பிழைக்கவில்லை. கிருபாபாயின் மாலையை உருக்கி, அம்மிணியின் கல்யாணத்துக்குப் புது மாலை செய்தார்கள்.

அம்மிணி ஜெயச்சந்திரனின் ஒரே தங்கை. தாயில்லாப் பிள்ளை. தோளில் தூக்கி வளர்த்தவன் அவன்தான். உலகத்தில் அவனுக்கு அவளைவிடப் பெரிதாக ஒன்றும் கிடையாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள், மாலையை எடுத்துப் போக அவன் மட்டும் கடைக்கு வந்தான். சந்தையில் கடையடைப்பு. ஒரு காக்கைகூட இல்லை. கதவுப்பலகைகளை உள்ளிருந்து போட்டுவிட்டு, பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். மதியம் மூன்று மணி இருக்கும். பலகை இடுக்கில் வெயில் சுட்டெரித்தது.

சொட்...

சொட்...

திரும்பிப் பார்த்தான். பட்டு நாற்காலியில் கிருபாபாய் உட்கார்ந்திருந்தாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னைக்குக் கடை இல்ல," என்றான்.

"தெரியும்."

"நாளைக்குத் தங்கச்சிக்குக் கல்யாணம். வம்பு பண்ணாத. போ."

"மால எங்க மக்கா?"

பெட்டியைக் கையால் மூடிக்கொண்டான். அப்போதுதான் கதவைப் பார்த்தான். பலகைகள் போட்டபடியே இருந்தன. ஆற்றுச்சேற்று நாற்றம் அடித்தது.

மெல்லச் சுவர்க்கண்ணாடியைப் பார்த்தான்.

நாற்காலியில் இருந்தவளின் கழுத்து வெறுமையாக இருந்தது. கண்ணாடியில் இருந்தவளின் கழுத்தில் அம்மிணியின் மாலை மின்னியது.

மாலையோ அவன் கைக்கடியில், பெட்டிக்குள்.

சொட்... சொட்... சொட்...

"மாற்றிக்கட்டா?" என்று கேட்டாள்.

அவனுக்கு அவள் எப்படியாவது தொலைந்தால் போதும்.

"மாத்திக்கோ... எத வேணும்னாலும் மாத்திக்கோ. எங்கள விட்டுரு!"

அவள் சிரித்தாள்.

சத்தம் நின்றது.

நாற்காலி காலி.

பெட்டியைத் திறந்தான். மாலை இருந்தது. உரைகல்லில் உரசினான். அதே தங்கம். அவள் ஏமாந்து போய்விட்டாள் என்று நினைத்து, வீட்டுக்கு ஓடினான்.

மறுநாள் அம்மிணி அந்த மாலையைப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை தாலி கட்டினான். கெட்டிமேளம் முழங்கியது. பெரியவர்கள் காலில் விழச் சொன்னார்கள். அவள் குனியவில்லை. அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"முதலாளி," என்றாள். "எனக்குத் தமிழ் நல்லாத் தெரியும்."

அது அம்மிணியின் குரல் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமலேயே போனார்கள். மந்திரவாதி வந்தார், டாக்டர் வந்தார், ஒன்றும் பலிக்கவில்லை. அவள் தினமும் கடைக்கு வந்து அந்தப் பட்டு நாற்காலியில் உட்காருவாள். உள்ளே வருகிறவர்களிடம், "எங்கப்பன் வீட்டு மாலை எங்க?" என்று கேட்பாள். கடைப்படி ஏற ஆளில்லாமல் போனது. தாணு படுக்கையில் விழுந்தார். கடைசித் தண்ணீர் கொடுக்க மகளைக் கூப்பிட்டார். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தலைமுறைக் கடையை மூடிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, ஜெயச்சந்திரன் குன்னத்துகாலுக்குப் போனான். கிருபாபாய் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கத்தான் போனான்.

சர்ச் கல்லறைத்தோட்டத்தில் குழி வெட்டும் பொன்னுதாஸ் அவனைத் தடுத்தார்.

"அவ நெய்யாத்துல விழுந்து செத்தாள்லா? உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு முந்துன நாளு. மூணு மணிக்காக்கும் பெட்டிய குழியில எறக்குனோம்."

பொன்னுதாஸ் குரலைத் தாழ்த்தினார்.

"வேற ஒண்ணு உண்டு. யாருகிட்டயும் சொல்லல. மறுநாளு காலையில, அங்க உங்க வீட்டுல மேளச்சத்தம் கேக்குது... இங்க மண்ணுக்கடியில ஒரு பெண்ணு கெடந்து அலறுது. பயந்து ஜெபம் பண்ணிட்டு ஓடிட்டேன்."

"என்ன சொல்லி அலறிச்சு?"

"'அண்ணா, அண்ணா'ன்னு. வேற ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாளு கேட்டுது. பொறவு நின்னு போச்சு."