செத்த எலியைத் தேடிய வீடு

கோயில் கொடியேறி ஆறாம் நாள் எங்கள் வீட்டில் நாற்றம் தொடங்கியது. முதலில் அதைப் பிடித்தவள் தங்கச்சி. உயர்தரப் பரீட்சைக்காக விறாந்தையில் மேசை போட்டுப் படிக்கிறவள், மூக்கைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் வந்தாள்.

"அம்மா, எங்கையோ எலி செத்துக் கிடக்குது."

"திருவிழாக் காலத்திலை என்ன கதை கதைக்கிறாய் நீ," என்று அம்மா ஏசினார். ஏசிவிட்டு அவரும் வந்து மணந்து பார்த்தார். நானும் பார்த்தேன். தங்கச்சி சொன்னது சரிதான். அழுகலோடு ஒரு இனிப்பும் கலந்த நாற்றம். தொண்டையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு, அங்கேயே இருந்து, தேத்தண்ணி குடிக்கும்போது திரும்ப எழும்பி வந்தது.

இணுவிலில் இருபத்தைந்து நாள் திருவிழா என்றால் வீடுகளுக்குத் துப்புரவு வெறி பிடித்துவிடும். மீன் சட்டிகள் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கும். விடிய எழும்பித் தலையில் தண்ணீர் வார்த்துத் தோய்ந்த பிறகுதான் அடுப்பு. வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர். அப்படி மினுக்கி வைத்த வீட்டில் பிண நாற்றம் வந்தால் அம்மா சும்மா இருப்பாரா? தோட்டத்தால் வந்த அப்பாவை வேர்வை காய விடாமல் ஏணியில் ஏற்றினார். அப்பா ஓட்டுக்குள் தலையை விட்டுத் தேடினார். நான் அலுமாரிகளை இழுத்தேன். விறகு அடுக்கைக் கலைத்தேன். கிணற்றடி வாய்க்காலைக் கிண்டினேன். எலி இல்லை. அம்மா சாம்பிராணி போட்டார். நாற்றம் சாம்பிராணியையும் சேர்த்துக்கொண்டு இன்னும் மோசமாகியது.

நாங்கள் நாலு பேரும் இப்படி அலைந்ததை விறாந்தைத் தூணில் கட்டியிருந்த எங்கள் நாய் பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தொங்கப்போட்டபடி பார்த்தான்.

நாயைக் கொண்டுவந்தது நான். தைப்பொங்கல் முடிந்த கையோடு, பண்டத்தரிப்பில் இருக்கும் சிநேகிதன் வீட்டிலிருந்து, முதுகுப் பைக்குள் வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தேன். வெள்ளைக் குட்டி, நீண்ட சடை, தாய் ஏதோ பொமேரியன் கலப்பு. "உந்த நாயை ஆர் பாக்கிறது? நான் பாக்கமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்," என்றார் அம்மா. நான் பார்ப்பேன் என்றேன். வெறும் வாயால் சொல்லவில்லை. அட்டவணை அடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். காலையில் நடை, மாலையில் சடை வாருதல், ஞாயிறு குளிப்பு. நாய் பழக்கும் வீடியோக்களை ஒரே கிழமையில் பார்த்து முடித்தேன். அவன் படங்களைப் போடப் போனில் ஒரு பக்கமும் திறந்தேன்.

தொடங்குவதில் என்னை யாரும் வெல்ல முடியாது. கிற்றார் தொடங்கியிருக்கிறேன். காளான் வளர்ப்புத் தொடங்கியிருக்கிறேன். விடியற்காலை ஓட்டம் தொடங்கி அதற்குச் சப்பாத்தும் வாங்கியிருக்கிறேன். காளான் பைகள் இன்றைக்கும் யன்னல் விளிம்பில் காய்ந்து கிடக்கின்றன. காளானை அப்படி விடலாம்.

மாசியில் யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் ஒபிசுக்குப் புது வேலை ஒன்று வந்தது. கடலுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு விடியும்போது எங்களுக்குப் பின்னேரம். அதனால் கூட்டமெல்லாம் ஐந்தரைக்கு. அட்டவணையில் மாலை போனது. பிறகு காலை போனது. ஞாயிறு மட்டும் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு கிடந்தது. பார்க்கமாட்டேன் என்று சொன்ன அம்மாதான் சோறு வைத்தார்.

கனடா மச்சாள் அவனுக்கென்று ஒரு கழுத்துப் பட்டி அனுப்பியிருந்தாள். சிவப்புத் தோல், பித்தளைக் கொளுக்கி. சித்திரையில் ஒருநாள் காலை அவன் அதற்குள்ளிருந்து தலையை உருவிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடிவிட்டான். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் பிரேக் அடித்து, விழப்பார்த்து, நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கத்தினார்: "கட்டி வளக்கத் தெரியாட்டி உங்களுக்கெல்லாம் ஏன்ரா நாய்?" நான் நாயைப் பிடித்து இழுத்து வந்தேன். அந்நேரம் போன் என் தோளுக்கும் காதுக்கும் இடையில், மறுமுனையில் ஒபிஸ். கதைத்தபடியே பட்டியை இரண்டு துளை உள்ளே இழுத்துப் பூட்டினேன். அவன் ஒருமுறை இருமினான். இறுக்கம் கூடிவிட்டது என்று தெரிந்தது. பின்னேரம் வந்து தளர்த்திவிடுவோம் என்று நினைத்தேன்.

அந்தப் பின்னேரம் வரவில்லை. நாய் வளர்ந்தான். சடையும் வளர்ந்து பட்டியை மூடிக்கொண்டது.

பிறகு கொடியேற்றம். தோய்ந்த பிறகு நாயைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம். திருவிழா நாட்களில் இரண்டு நேரமும் தோய்வோம், இரண்டு நேரமும் கோயில். அப்படியென்றால் நாயைத் தொட எந்த நேரமும் இல்லை. அம்மா சோற்றுக் கோப்பையை விளக்குமாற்றுக் காம்பால் தள்ளிவிடுவார். தங்கச்சி தூரத்தில் நின்று கதைப்பாள். "நாயிலை முட்டாமல் வாடா" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அம்மாவுக்கு அது ஆசாரம். எனக்கு அது லீவு.

அவன் சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிப் படுக்கத் தொடங்கியபோது நாங்கள் சிரித்தோம்.

"கருவாடு இல்லையெண்டு கோவம் அவருக்கு," என்றாள் தங்கச்சி.

"கொடி இறங்குமட்டும் பொறுக்கத்தான் வேணும். நாங்கள் பொறுக்கேல்லையே?" என்றார் அம்மா.

நான் அதையும் படம் எடுத்தேன். தலை குனிந்து, கண் பாதி மூடி, முன்னங்கால்களுக்கு இடையில் மூக்கு. 'திருவிழாக் காலம், நாங்களும் சைவம்' என்று எழுதிப் போட்டேன். பக்தர், சாமியார், எவ்வளவு அடக்கம் என்று ஆட்கள் கீழே எழுதினார்கள். அப்படி எழுதிய ஒவ்வொருவருக்கும் நான் இதயம் போட்டேன்.

நாற்றம் தொடங்கி நாலாம் நாள் காலை, வேட்டி கட்டி, விபூதி பூசி, கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே ஒபிசுக்குப் போவதாக வெளிக்கிட்டேன். அவன் கழுத்தில் ஈயும் இலையானும் மொய்த்திருந்தன. கையைத் தட்டினேன். எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் போய்க் குந்தின. கிட்டப் போனேன். நாற்றம் முகத்தில் அறைந்தது. அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கை போகவில்லை. கையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு நிமிடமாவது நின்றிருப்பேன்.

சடையை விலக்கினேன். பட்டியைக் காணவில்லை. எங்கேயோ கழன்று விழுந்துவிட்டதாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். சங்கிலி மட்டும் நேரே சதைக்குள் போனது. பிறகு பித்தளை மினுங்கியது. பட்டி உள்ளே கிடந்தது. அதற்கு மேலும் கீழும் சதை வீங்கி, மேலால் மூடப் பார்த்துக்கொண்டிருந்தது. இடைவெளியில் சோற்றுப் பருக்கைகள் போல ஏதோ. பருக்கைகள் நெளிந்தன.

என் வேட்டியிலேயே ஓங்காளித்துச் சத்தி எடுத்தேன்.

"என்னடா?" என்று குசினிக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டார்.

"எலி கிடைச்சிட்டுது," என்றேன். பிறகு, "எலி இல்லையம்மா. இவன்தான்."

ஓட்டோக்காரர் வந்து, வாசற் படலையடியில் நின்றபடியே மூக்கை மூடினார். "தம்பி குறை நினையாதையும். திருவிழாச் சனம் ஏத்துற வண்டி. இந்த மணத்தோடை எப்பிடி?" எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த மணத்துக்கு அவரா பொறுப்பு? அப்பா உழவு இயந்திரத்தில் இழுவைப் பெட்டியைப் பூட்டினார். வெங்காயச் சருகுகளுக்கு நடுவில் நாயை மடியில் வைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன். வழியெல்லாம் இலையான்களும் எங்களோடு வந்தன.

வைத்தியர் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். சடையை விலக்கிப் பார்த்தார். முகம் மாறவில்லை. அது எனக்கு இன்னும் கூசியது.

"பட்டி ஆர் பூட்டினது?"

"நான்தான்."

"கடைசியாக் கழுத்தைத் தொட்டுப் பாத்தது எப்ப?"

எனக்கு நாள் தெரியவில்லை. போனை எடுத்துப் படங்களைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அவன் கழுத்தை ஒரு பக்கமாகச் சரித்து வைத்திருந்தான். முந்தைய மாதத்தில் கொஞ்சம். அதற்குப் பிறகு இன்னும் கூடுதலாக. எல்லாவற்றுக்கும் கீழே இதயங்கள்.

"எனக்குப் படம் வேண்டாம்," என்றார் வைத்தியர். "நான் கையைக் கேட்டனான்."

மயக்க மருந்து கொடுத்து, பட்டியை நாலு துண்டாக வெட்டி எடுத்தார். தோலும் மயிரும் சீழும் ஒன்றாக ஊறிய அந்தத் துண்டுகளை ஒரு தட்டில் போட்டு என் பக்கம் தள்ளினார். "உம்மடை சாமான்." பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். இரண்டு நேரமும் காயத்தைக் கழுவவேண்டும். புழு கண்டால் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். உள்ளே மருந்து வைக்கவேண்டும். காயம் மூடுமட்டும் ஒரு நேரமும் தவறக்கூடாது.

"இடையிலை விட்டால் திரும்பப் புழு வைக்கும். பிறகு இங்கை கொண்டு வந்தும் பிரயோசனம் இல்லை, நாய் மிஞ்சாது. ஆர் செய்யிறது?"

'அம்மா செய்வா' என்று என் நாக்கு நுனிவரை வந்தது. உண்மையாகவே வந்தது. அந்தத் தட்டைப் பார்த்ததைவிட, அந்தச் சொல் வந்ததுதான் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. அப்பா சுவரில் இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் செய்யிறன்."

"வேலைக்குப் போறனீர் எல்லே?"

"ஓம்."

"சரி. பாப்பம்," என்றார். நம்பிய குரல் இல்லை.

செய்தேன். அழகாகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாவண இடுக்கியால் புழுக்களை எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டேன். முதல் நாள் எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டேன். சவர்க்காரத்தால் மூன்று தரம் கழுவினாலும் விரலில் அந்த மணம் இருந்தது. சோற்றைப் பிசைந்தால் இருந்தது. பின்னேரங்களில் ஒபிசிலிருந்து நேரத்தோடு ஓடிவந்து, கமெராவை மூடிவிட்டு, காதில் கூட்டமும் கையில் பஞ்சுமாக இருந்தேன். ஒருநாள் அதில் ஒரு மருந்தை வைக்க மறந்தே போனேன். அடுத்த நாள் காலை புதிதாக இரண்டு புழு. அதற்குப் பிறகு கூட்டம் முடித்துவிட்டுத்தான் பஞ்சை எடுத்தேன், காதில் எதுவும் மாட்டவில்லை. போனில் இருந்த பக்கத்தையும் அழித்தேன். அழிக்க ஒரு விரல் போதுமாக இருந்தது.

நாய்க்கு என் கை பிடிக்கவில்லை. அம்மா தூரத்தில் நடந்தாலே வாலை ஆட்டுகிறவன், என் கை கிட்ட வந்தால் உறுமினான். இரண்டு தரம் கடித்தான். தங்கச்சி ஒருநாள் பிடிக்க வந்து, மணத்தில் தலை சுற்றி, படியில் குந்திவிட்டாள். அம்மா கிணற்றடியில் ஈரச் சேலையோடு நின்று, "மெல்லமாடா, மெல்லமா," என்று சொல்வார். கிட்ட வரமாட்டார்.

தேர் அன்று காலை அவன் அடங்கவேயில்லை. மருந்துப் போத்தலைத் தட்டி ஊற்றினான். பஞ்சு மண்ணில் புரண்டது. அப்பாவும் தங்கச்சியும் முன்னுக்கே கோயிலுக்குப் போய்விட்டார்கள். அம்மா பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, அருச்சனைத் தட்டோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். தட்டைக் கதிரையில் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிலத்தில் குந்தி, அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழங்காலில் அழுத்தினார்.

"அம்மா, தோய்ஞ்சிட்டியள்."

"எனக்குத் தெரியும். கதையாமல் கெதியாச் செய்."

செய்தேன். அம்மா முகத்தை மறுபக்கம் திருப்பியிருந்தார். "சீ, என்ன நாத்தமடா இது. இதுக்குள்ளை எத்தினை நாள் இருந்திருக்குது இந்தச் சீவன்." அவன் உறுமவில்லை. அம்மாவின் மணிக்கட்டை நக்கினான். அம்மா கையை இழுக்கவில்லை. நக்கவிட்டுக்கொண்டே, "உனக்கு வெக்கமில்லை," என்றார். நாய்க்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

முடிந்ததும் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். பூவைக் கழற்றி மதிலில் வைத்துவிட்டு, திரும்பத் தோய்வதற்கு வாளியை இறக்கினார். தூரத்தில் அரோகரா கேட்டது. தேர் இருப்பிடத்தை விட்டு வெளிக்கிட்டுவிட்டது. அம்மா அதைத் தவறவிட்டார்.

"டேய்," என்று கிணற்றடியிலிருந்து கூப்பிட்டார். "பின்னேர மருந்துக்கு நிப்பியோ?"

"நிப்பன் அம்மா."

"எத்தினை மணிக்கு?"

"அஞ்சரைக்கு."

அம்மா வாளியை மேலே இழுத்தார். கயிறு கப்பியில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சீழும் மஞ்சள் மருந்தும் ஒட்டிய விரலாலேயே போனை எடுத்து, இந்தக் கிழமை ஐந்தரைக்கு நான் வரமாட்டேன் என்று ஒபிசுக்கு எழுதினேன். திரையில் என் விரல் பட்ட இடமெல்லாம் மணந்தது.